என் கையைப் பார்த்த பிள்ளைகள்

பூவரச மரத்தடியில் ஐந்தாறு பிள்ளைகள் பால்வாடி விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பால்வாடிக்குள்ளேயே பால்வாடி விளையாட்டு. ரைஸ் மில்காரர் மகள்தான் டீச்சர். நாலரை வயது. ஒரு துண்டைத் தோளில் முந்தானை மாதிரி போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, "சத்தம் போட்டா வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்று நான் மிரட்டுகிற தோரணையிலேயே மிரட்டினாள். ஈர மண்ணைக் குழைத்து உருண்டை பிடித்துக் கொட்டாங்கச்சியில் அடுக்கி வைத்திருந்தாள். அது சத்துமாவு உருண்டையாம். ஜன்னலோரம் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த நான் பேனாவை வைத்துவிட்டு ரசித்துப் பார்த்தேன்.

முதல் இரண்டு பிள்ளைகளுக்கு உருண்டையை உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டுக் கொடுத்தாள். மூன்றாவதாக இருந்தது எங்கள் ஆயாவின் மகள். அவளிடம் வந்ததும் டீச்சரின் கை ஒரு சாண் மேலே போனது. முகம் கொஞ்சம் திரும்பியது. உருண்டை மேலிருந்து விழுந்து, பாதி கையிலும் பாதி தரையிலுமாக உடைந்தது. நாலாவது பிள்ளைக்கு மறுபடி உள்ளங்கையில். ஐந்தாவது காலனிப் பையன். மறுபடி மேலிருந்து. அவள் முகத்தில் ஒரு துளி வஞ்சகம் இல்லை. கற்ற பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிற கவனம்தான் இருந்தது.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். சாம்பல் கையோடு ஆயா நின்றுகொண்டிருந்தாள். "டீச்சர், உங்களை அச்சு அசலா உரிச்சு வச்சிருக்கு பாருங்க" என்றாள்.

எண்பதுகளின் நடுவில், மம்சாபுரம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். அங்கேதான் எனக்கு முதல் வேலை. வீடு ராஜபாளையத்தில். அப்பா நூல் மில்லில் ஃபிட்டர். முதல் ஷிப்ட்டுச் சங்கு ஊதும்போதே எழுந்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போவேன். நாங்கள் கிறிஸ்தவர்கள். "நமக்குள்ள சாதி கெடையாது" என்று அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்வார். திங்கட்கிழமை என் கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போது மட்டும் அது எப்படியோ வந்துவிடும். ஆனாலும் நான் அதை நம்பினேன். பயிற்சியில் 'எல்லாக் குழந்தைகளும் சமம்' என்று சார்ட் வரைந்து முதல் பரிசு வாங்கியவள் நான். கைகோத்து நிற்கிற ஏழு பிள்ளைகள். அந்தச் சார்ட்டைத்தான் பால்வாடிச் சுவரில் மாட்டியிருந்தேன். தினமும் பத்தரை மணிக்கு அதற்கு நேர் கீழே நின்றுதான் சத்துமாவு உருண்டை கொடுப்பேன். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயா என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கு இருபத்துமூன்று வயது, என்னைவிட மூன்று வயது இளையவள். ஆயா என்பது ஆர்டரில் வந்த பதவிப் பெயர். நானும் அப்படியே கூப்பிட்டேன், ஊரும் அப்படியே கூப்பிட்டது. காலனியிலிருந்து அந்த வேலைக்கு வந்த முதல் ஆள் அவள். நான் வருவதற்கு முன்பே ஊரும் ஆபீசும் சத்தமில்லாமல் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தன. ஆயா பிள்ளைகளைக் கூட்டி வரலாம், கூட்டிப் பெருக்கலாம், அடுப்பு மூட்டலாம், பாத்திரம் விளக்கலாம். சத்துமாவைக் குழைத்து உருண்டை பிடிப்பது மட்டும் டீச்சர். அவள் விளக்கிய குண்டானில்தான் நான் மாவு குழைப்பேன். விளக்குகிற கைக்குத் தீட்டில்லை, பிடிக்கிற கைக்குத்தான் தீட்டு. இந்த நியாயத்தைக் கேட்டுச் சிரிக்காமல், "சண்டை சச்சரவு இல்லாமல் போகட்டுமே" என்று நானும் தலையாட்டியிருந்தேன்.

அன்று மத்தியானம் பிள்ளைகள் பாயில் தூங்கிய பிறகு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "எத்தனை நாளா பாத்துட்டு இருக்க?" என்று கேட்டேன்.

"நீங்க வந்த மொத நாள்ல இருந்து."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? உங்களுக்கு வேற ஊருக்கு மாத்தல் வரும். எனக்கு வேற வேலை வருமா, டீச்சர்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். பிறகு, "நீங்க மேல இருந்து போடுதது கூட எனக்குப் பெருசாத் தெரியல. எம் மக கையப் பாத்தீகளா? யாரும் சொல்லிக் குடுக்கல. ரெண்டு கையையும் குழிச்சு, தாழ நீட்டுது. ஊர்ப் பிள்ளைக ஒத்தக் கையத்தான் நீட்டுதுக. அதப் பாக்கும்போதுதான் எனக்கு வயிறு எரியுது" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. நான் ஒருநாளும் முடிவு செய்து கையைத் தூக்கவில்லை. சத்தியமாக எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தபோது எங்கள் வீட்டுப் பின்வாசல் ஞாபகம் வந்தது. தெருக் கூட்ட வருகிற அம்மாவுக்கு என் அம்மா பலகாரம் கொடுக்கும்போது கை இப்படித்தான் மேலே போகும், முகம் இப்படித்தான் திரும்பும். ஒரு வார்த்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் பார்த்தேன், அவ்வளவுதான். அந்த மில்காரர் மகளும் பார்த்தாள், அவ்வளவுதான். முன்னதற்கு இருபது வருஷம் ஆகியிருந்ததால் ஒட்டிக்கொண்டுவிட்டது. பின்னதற்கு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

மறுநாளே உருண்டை பிடிக்கிற வேலையை அவளிடம் கொடுத்துவிடலாம் என்று துடித்தேன். ஆயா கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க சொல்லுத அன்னைக்கு வேண்டாம். நான் சொல்லுத அன்னைக்குப் பிடிக்கேன். இப்ப பிள்ளைகளை மட்டும் பாருங்க" என்றாள். எனக்கு உறைத்தது. என் மனசாட்சிக்கு மருந்து தடவ அவள் வேலையைப் பணயம் வைக்கப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பிள்ளைகளைப் பார்த்தேன். அதுவரை ஊர்ப் பிள்ளைகள் சுவரோரம், காலனிப் பிள்ளைகள் வாசலோரம் என்று இரண்டு வரிசை. நானாகப் போட்டதல்ல, அதுவாக விழுந்த வரிசை, நான் கலைக்கவில்லை. இப்போது எல்லாரையும் ஒரே வட்டமாக உட்கார வைத்தேன். ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்தேன். நான் முதல் பிள்ளையின் கையில் உருண்டையை வைப்பேன். அது கைமாறிக் கைமாறி வட்டம் முழுக்கச் சுற்றிக் கடைசிப் பிள்ளைக்குப் போக வேண்டும். அடுத்தது கடைசிக்கு முந்திய பிள்ளைக்கு. கீழே போட்டால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து. பக்கத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டால்தான் கீழே விழாது. இத்தனை கை பட்டால் சுகாதாரம் என்ன ஆவது என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்ற சட்டம் வந்தது. அந்தப் பக்கத்திலேயே சுத்தமான கைகள் எங்கள் பிள்ளைகளுடையவை.

அவர்கள் பழக இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் ஆட்டத்தில் எனக்கே ஜோலி இல்லை. பக்கத்தில் யார் உட்காருவது என்று சண்டை வந்தது உண்மைதான். ஆனால் அது வேகமாகக் கைமாற்றத் தெரிந்தவன் பக்கத்தில் உட்காருவதற்கான சண்டை. ஆயா மகள் அதில் கெட்டிக்காரி. அவள் பக்கத்து இடத்துக்குத்தான் ஏகப்பட்ட போட்டி. மில்காரர் மகள் பெரும்பாலும் ஜெயித்துவிடுவாள்.

இதெல்லாம் ஒரு மாதம்தான் ஒளிந்திருந்தது. மில்காரர் வீட்டில் ஏதோ விசேஷம், உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். பந்தியில் லட்டு வைத்தபோது, "எல்லார் கையும் சுத்தி வரணும், அப்பத்தான் சாப்பிடுவேன்" என்று அவர் மகள் அடம்பிடித்திருக்கிறாள். பெரியவர்கள் கொஞ்சியிருக்கிறார்கள். "பால்வாடியில யாரு கையில இருந்து உனக்கு வரும், தங்கம்?" என்று யாரோ கேட்க, தங்கம் பெருமையாக ஆயா மகள் பேரைச் சொல்லியிருக்கிறது.

மறுநாள் ஊர்ப் பிள்ளைகள் ஒன்றுகூட வரவில்லை. மில்காரர்தான் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, சத்தம் போட்டும் பேசவில்லை. வாசலில் நின்றபடி, "டீச்சர், நீங்க படிச்சவுக. சின்னப் பிள்ளைக மனசுல எதுக்கு இதெல்லாம் ஏத்துதீக? அதுக பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நான் சொன்னேன்: "அண்ணாச்சி, நான் ஏத்தினதை நானேதான் இறக்கிட்டு இருக்கேன்." அவருக்குப் புரியவில்லை. "அந்த ஆயாவை மாத்திட்டா எல்லாரும் அனுப்புவாக" என்று சொல்லிவிட்டுப் போனார். வட்டம் சுற்றியது நான் கொண்டுவந்த விளையாட்டு. அதற்கு வேலை போக வேண்டியது ஆயாவுக்கு. இதுதான் ஊர்க் கணக்கு.

அந்த வாரமே சூப்பர்வைசரம்மா வந்தார். பிள்ளைகள் பாதியாகக் குறைந்தால் சென்டரை வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்கள் என்றார். "ஆயா வேலை திருப்தி இல்லைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடு. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன். உன் பேருக்கு ஒரு கெடுதலும் வராது" என்றார். நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்றேன். மூன்று நாள் யோசித்தேன். எனக்கும் முதல் வேலை, வீட்டில் என் சம்பளத்தை எதிர்பார்க்கிற தம்பி தங்கைகள். எழுதாமல் விட்டதற்குக் காரணம் என் வீரம் அல்ல, அந்த மூன்று நாளும் ஆயா செய்ததைப் பார்த்ததுதான்.

பிள்ளைகளைக் கூட்டி வர எங்களிடம் ஒரு நீளக் கயிறு உண்டு. முழத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. பிள்ளைகள் முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து வருவார்கள். முதல் நடையில் காலனி, இரண்டாம் நடையில் ஊர். யாரும் அனுப்பாத அந்த நாட்களிலும் ஆயா இரண்டாம் நடையை விடவில்லை. காலையில் வெறும் கயிற்றைத் தரையில் படாமல் கையில் சுற்றிக்கொண்டு ஊர்த் தெருவுக்குப் போவாள். ஒவ்வொரு வீட்டுக்கு எதிரிலும் நடுத்தெருவில் நின்று, கயிற்றை நீட்டி, பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். "உன் முடிச்சு இந்தா இருக்கு, வாரியா?" செத்த நேரம் காத்திருப்பாள். பிறகு அடுத்த வீடு. அத்தனை வீட்டுக்கும் கூப்பிட்டுவிட்டு வெறும் கயிற்றோடு திரும்பி வருவாள்.

இரண்டாம் நாள் நானும் கூடப் போனேன். ஒரு வீட்டம்மா வெளியே வந்து, "ஏட்டி, அனுப்ப மாட்டோம்னு சொல்லியாச்சுல்ல? எதுக்கு வந்து வந்து நிக்கே?" என்று கத்தினார். ஆயா குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. "கூப்பிடுதது என் வேலைம்மா, ஆர்டர்ல இருக்கு. அனுப்புததும் அனுப்பாததும் உங்க இஷ்டம்" என்றாள். உள்ளே அந்த வீட்டுப் பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். ஆயா கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டாள். திரும்பும் வழியில் நான் சூப்பர்வைசரம்மா கேட்ட ஒரு வரியைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன். "எழுதணும்னா எழுதுங்க. ஆனா வேலைக்கு வரலன்னு மட்டும் எழுதிராதீக" என்றாள்.

நான் வேறு ஒரு வரி எழுதினேன். 'ஆயா எல்லா வீட்டுக்கும் தினமும் சென்று அழைக்கிறார். நானே உடன் சென்று பார்த்தேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரு சார்ட் வரைவதைவிட அந்த ஒரு வரிக்கு அதிக நேரம் பிடித்தது.

ஊர் இளகியதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் காரணமில்லை. களையெடுக்கப் போகிற தாய்மார்களுக்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக இடமில்லை. வீட்டில் இருந்த பிள்ளைகளோ காலையில் கயிற்றைக் கண்டதும் தெருவைப் பிய்த்தெடுத்தன. இரண்டாம் வாரம் கூலிக்குப் போகிற வீடுகளிலிருந்து நாலு பிள்ளைகள் வந்தார்கள். பிறகு இரண்டிரண்டாக. ஜன்னலில் அழுத பையன் ஒருநாள் அவிழ்ந்த டவுசரோடு ஓடிவந்து தன் முடிச்சைப் பிடித்தான். அவன் அம்மா வாசல் வரை துரத்தி வந்து, ஆயாவைப் பார்த்து, பேசாமல் டவுசரை மட்டும் கட்டிவிட்டுப் போனார். மில்காரர் வீட்டு முடிச்சு மட்டும் காலியாகவே வந்தது. அதை யாரும் பிடிக்க ஆயா விடவில்லை.

தொண்ணூறுகளில் எனக்குப் பதவி உயர்வு வந்து, பால்வாடிக்கு வருகிற புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவளானேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், இன்னமும் கூப்பிட்டால் போகிறேன். எல்லா சென்டரிலும் கைகோத்த பிள்ளைகள் படம் இருக்கிறது, என்னுடையதைவிட அழகாக அச்சடித்த படம். புதுப் பெண்கள் 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று தவறாமல் எழுதிக் கொடுப்பார்கள். நான் விடைத்தாளைப் படிப்பதில்லை. ஒரு தட்டில் கடலை மிட்டாயைக் கொடுத்து, பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் கையை மட்டும் பார்ப்பேன். எங்கே தாழ்கிறது, எங்கே நிற்கிறது, எந்தப் பிள்ளையின் மூக்கைத் துடைக்கிறது, எந்தப் பிள்ளையை 'போய்க் கழுவிட்டு வா' என்று அனுப்புகிறது. பார்த்ததைத் தனியே கூப்பிட்டுச் சொல்வேன். சிலர் அழுவார்கள். சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் அசரமாட்டேன். ஐந்து வயதுக்குள் சாதி ஒரு பிள்ளைக்குள் போவதற்கு டீச்சரின் கை ஒரு பெரிய வாசல். அந்த வாசலை அடைக்க முடியும் என்று நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அடைபட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நாளைச் சொன்னால் போதும்.

ஊர்ப் பிள்ளைகள் நின்றுபோய் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பிறகு மில்காரர் மகள் வந்தாள். கயிற்றில் அல்ல, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. வீட்டில் சாப்பிடாமல் அழிச்சாட்டியம் செய்து ஜெயித்திருந்தாள். என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக அம்மாவும் கூட வந்திருந்தார். "நான் சும்மா ஓரமா உக்காந்துக்கிடுதேன் டீச்சர்" என்றார். மகள் விடவில்லை. "ஓரமெல்லாம் கெடையாது. வட்டத்துலதான் உக்காரணும்" என்று இழுத்துவந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். வட்டத்தில் அம்மாவுக்கு அடுத்த இடம் ஆயா மகளுடையது.

ஆயா என் காதோடு, "டீச்சர், இன்னைக்கு நான் பிடிக்கேன்" என்றாள்.

"இன்னைக்கா? அவங்க உக்காந்திருக்காங்களே!"

"அதான்."

அவள் கை கழுவி, மாவு குழைத்து, அத்தனை பேர் கண் முன்னால் உருண்டை பிடித்தாள். முதல் உருண்டையை எடுத்துக்கொண்டு மில்காரர் மகளிடம் வந்தாள். எத்தனை காலத்துப் பழக்கமோ, அந்தப் பெண்ணின் அம்மாவைப் பக்கத்தில் கண்டதும் ஆயாவின் கை தானாக மேலே போய் நின்றது.

மில்காரர் மகள் அண்ணாந்து பார்த்தாள். ஆட்டம் தெரியாத ஆளுக்குச் சொல்வது போல, "ஆயா, அது பழைய வெளையாட்டு. இப்ப கையில வைக்கணும்" என்றாள்.

ஆயாவின் கை இறங்கியது. உருண்டையை அந்தச் சின்ன உள்ளங்கையில் வைத்து மூடினாள். அந்தப் பிள்ளை சட்டென்று திரும்பி, "அம்மா, கைய நீட்டு" என்றாள். முப்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். அம்மா கையை நீட்டினார். மகள் வைத்தாள். அடுத்து ஆயா மகள் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உருண்டையோடு அம்மாவின் கை அவள் உள்ளங்கைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. ஆயா தரையைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மில்காரர் மகள் மட்டும் தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை மெதுவாக இறங்கியது. உருண்டை உள்ளங்கையில் உட்கார்ந்தது.

ஆயா மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உருண்டையைப் பக்கத்துப் பையன் கையில் வைத்து அழுத்தி மூடிவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.